சிரிப்பு எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது

இங்கிலாந்தின் 'டாக்டர்' தொலைக்காட்சித் தொடர்வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு. 1969-ல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தொடங்கிய 'டாக்டர் இன் தி ஹவுஸ்', செயின்ட் ஸ்விதின்ஸ் என்ற கற்பனை ஆஸ்பத்திரியில் படிக்கும் மருத்துவ மாணவர்களின் கதை. அங்கே எல்லோரையும் நடுங்க வைக்கும் பேராசிரியர் லாஃப்டஸ் வேடத்தில் நடித்தவர் எர்னஸ்ட் கிளார்க். 1974-ல் கதையைக் கரையிலிருந்து கப்பலுக்கு மாற்றி 'டாக்டர் அட் சீ' எடுத்தபோது பேராசிரியருக்குக் கப்பலில் வேலை இல்லை. எழுதியவர்கள் தயங்கவில்லை. கப்பல் தலைவன் பேராசிரியரின் சகோதரன் என்றார்கள், அதே எர்னஸ்ட் கிளார்க்கின் தலையில் வேறு தொப்பியை வைத்தார்கள், மறுபடி எல்லோரையும் நடுங்க வைக்கச் சொன்னார்கள். டாக்டர் எந்த இடத்துக்குப் போனாலும் அவரைத் திட்டும் வாயும் கூடவே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1979-ல், அதே கதையின் இரண்டு குறும்புக்கார டாக்டர்களான டங்கன் வாரிங்கும் டிக் ஸ்டூவர்ட்-கிளார்க்கும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்கள். சிட்னியில் செவன் நெட்வொர்க்குக்காக எடுக்கப்பட்ட 'டாக்டர் டவுன் அண்டர்' அது. லாஃப்டஸ் உடன் போகவில்லை. தொடர் அடுத்த ஆண்டோடு முடிந்தது. 1991-ல் பி.பி.சி. அந்த டாக்டர்களை மறுபடி அழைத்தபோது கதை செயின்ட் ஸ்விதின்ஸுக்கே திரும்பி வந்தது.

ஒரு தொடர் சீக்கிரம் முடிவதற்கு நூறு காரணம் இருக்கும். தயாரிப்புச் செலவு, நடிகரின் வயது, எதிர் அலைவரிசையில் அன்று ஓடிய பந்தயம் என்று எதுவும் இருக்கலாம். அதனால் சிட்னித் தொடரின் ஆயுளை மட்டும் வைத்து நான் எதையும் நிறுவப் போவதில்லை. அதன் பெயரைப் பார்த்தால் போதும். 'டவுன் அண்டர்' என்பது உலக உருண்டையை லண்டனில் நின்று பார்ப்பவரின் சொல். ஆஸ்திரேலியாவில் அப்போது நடந்துகொண்டிருந்ததோ எந்த ஆஸ்பத்திரி நகைச்சுவைக்கும் பொன் சுரங்கம். விட்லம் அரசு 1975 ஜூலையில் கொண்டுவந்த மெடிபேங்க் என்ற பொது மருத்துவக் காப்பீட்டை அடுத்து வந்த ஃபிரேசர் அரசு ஆண்டுக்கு ஒரு திருத்தமாகக் கழற்றிக்கொண்டிருந்தது. போன வருஷம் இலவசமாக இருந்தது இந்த வருஷம் கட்டணம், அடுத்த வருஷம் என்னவென்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது என்ற நிலை. தொடரின் அச்சு இதன்மேல் சுழலவில்லை, இரண்டு இங்கிலாந்துக்காரர்களின் பழைய குறும்பின் மேல்தான் சுழன்றது. ஆள் இடம் மாறினார். அவர் எந்த அமைப்பில் மாட்டிக்கொண்டு விழித்ததால் நாம் சிரித்தோமோ அந்த அமைப்பு லண்டனிலேயே தங்கிவிட்டது.

இதிலிருந்து நான் சொல்ல வருவது இதுதான்: ஆஸ்பத்திரி நகைச்சுவை டாக்டரைப் பற்றியதும் அல்ல, நோயைப் பற்றியதும் அல்ல. யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும், யார் யாரைத் திட்டலாம், பணம் எந்த ஜன்னலில் கைமாறுகிறது என்ற ஏற்பாட்டைப் பற்றியது அது. புதிய நாட்டுக்குக் கதையைக் கொண்டுபோகிறவர் அந்த நாட்டின் காத்திருப்பை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பாத்திரத்தின் பெயரையும் உடையையும் மாற்றினால் கிடைப்பது சுற்றுலாப் படம்.

'மாஷ்' தொடரைக் காட்டி இதை மறுக்கலாம். 1972 முதல் 1983 வரை 251 அத்தியாயம் ஓடிய அந்தத் தொடர், அமெரிக்க ராணுவ டாக்டர்களைக் கொரியப் போரில் வைத்து நடந்தது. வேறு நாடுதானே, சிரிப்பு வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தது. ஆனால் அந்தக் கொரியா கலிஃபோர்னியாவின் மாலிபு மலைகளில் இருந்தது. கொரியர்கள் பெரும்பாலும் ஓரத்தில் வந்துபோனார்கள். டாக்டர்கள் அங்கே தனியாகப் போகவில்லை, ராணுவம் என்ற அமைப்பை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். படிவம், பதவி, சல்யூட், மேலிடத்து உத்தரவு எல்லாம் கூடாரத்துக்குள் இருந்தன. மறுபக்கச் சான்றும் அதே வீட்டில் கிடைக்கிறது. போர் முடிந்து கர்னல் பாட்டர், கிளிங்கர், பாதிரியார் மல்கேஹி மூவரும் அதே நடிகர்களோடு தாய்நாடு திரும்பி, மிசௌரி மாநிலத்தில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேரும் 'ஆஃப்டர்மாஷ்' 1983-ல் தொடங்கியது. இரண்டாவது சீசனைத் தாண்டவில்லை. சொந்த நாட்டுக்கு வந்தும் அவர்கள் அந்நியர்களாக நின்றார்கள். கூடாரமும் ஹெலிகாப்டர் சத்தமும் போனபிறகு, அந்த மூவரின் குணங்களும் எதன்மேல் மோதிச் சத்தம் எழுப்பினவோ அந்தச் சுவர் அங்கே இல்லை. ஆக நாட்டின் எல்லையைவிட அமைப்பின் எல்லையே இங்கே கனமானது.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். 2003-ல் இந்தியில் வந்த 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.', மறுவருஷமே தமிழில் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' ஆகி ஓடவில்லையா? தெலுங்கில் 'சங்கர் தாதா' ஆகி ஓடவில்லையா? ஓடியது. அது திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் அல்ல என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. மும்பையிலிருந்து சென்னைக்கு அந்தக் கதை சேதமில்லாமல் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இரண்டு ஊர்களிலும் மருத்துவக் கல்லூரி ஒரே அச்சில் வார்த்தது என்பதுதான். நுழைவுத் தேர்வு, டீன், ராகிங், விடுதி அறை, பிணம் அறுக்கும் வகுப்பு, தரையில் விழுந்த நோயாளி முதலில் படிவம் நிரப்ப வேண்டுமா என்ற கேள்வி எல்லாம் ஒரே மருத்துவக் கவுன்சிலின் கீழ் ஒரே மாதிரி இருந்தன. அமைப்பு முழுசாக வந்தது. கிரேசி மோகன் பேச்சைத் தமிழாக்கவில்லை, தமிழில் புதிதாகப் பேச வைத்தார். 'கட்டிப்பிடி வைத்தியம்' என்ற சொற்சேர்க்கை இன்றும் தெருவில் புழங்குகிறது. 'வைத்தியம்' என்ற சொல்லுக்குத் தமிழில் பாட்டி வைத்தியம் முதல் பைத்தியம் வரை ஒரு நீண்ட உறவுக் கூட்டம் இருப்பதை அறிந்தவர் சூட்டிய பெயர் அது.

இந்த வாதத்தை ஒதியம்பட்டில் வைத்துப் பார்க்கலாம். புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இந்த ஊரை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், ஆஸ்பத்திரிக் கதையை இடம் மாற்றுவதில் உள்ள எல்லாச் சிக்கலும் இங்கே ஒரே வட்டத்துக்குள் அகப்படுவதுதான். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதும் சேர்த்து மக்கள்தொகை 12,47,953. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் தனித்தனியாகவே இதைவிட அதிகம் இருக்கும். இவ்வளவு மக்களுக்கு நடுவே கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. அவை போதாதென்று கிராமக் கொம்யூன்களில் வயலும் ஏரியும் இருந்த பக்கமெல்லாம் தனியார் மருத்துவக் கல்லூரிகள். வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் அரியூர், ஊசுட்டேரிப் பக்கம் அகரம், இன்னும் மேற்கே கலிதீர்த்தாள்குப்பம், பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம். நாட்டின் வேறு பகுதிகளில் மாவட்டத் தலைநகரத்துக்கே கிடைக்காதது இங்கே பேருந்து நிறுத்தத்தின் பெயராக இருக்கிறது.

இப்போது 2025 மே மாதம் அமேசான் பிரைமில் வந்த 'கிராம் சிகித்சாலய்' தொடரை எடுத்துக்கொள்வோம். 'பஞ்சாயத்' தொடரைத் தந்த டி.வி.எஃப். நிறுவனமே எடுத்தது, அதன் கிளை என்று முறைப்படி சொல்ல முடியாவிட்டாலும் அதே வித்தில் முளைத்தது. டெல்லியில் படித்த பிரபாத் என்ற இளம் டாக்டர் வட இந்தியக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். அங்கே போக வழியில்லை, நோயாளி இல்லை, ஊர் முழுக்கப் பட்டம் இல்லாத வைத்தியரிடம் போய்க்கொண்டிருக்கிறது. இல்லாமைதான் அந்தத் தொடரின் சிரிப்பு. இதை நாளைக்கு யாரேனும் ஒதியம்பட்டுக்குக் கொண்டுவந்து, பிரபாத்தைப் பிரபாகரன் ஆக்கி, பூட்டிக் கிடக்கும் சுகாதார நிலையத்தின் முன்னால் நிற்க வைத்தால் ஊரில் ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார். 'என்ன சார், பூட்டியிருந்தா ஜிப்மர் போங்க' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே சிரிப்பு உபரியில் இருக்கிறது. டாக்டருக்காக நோயாளி காத்திருப்பதோடு, மாணவர் கற்க வேண்டுமே என்று நோயாளிக்காகக் கல்லூரி காத்திருக்கும் தலைகீழ் ஏற்பாடு. தனியார் மருத்துவக் கல்லூரிகள் கிராமங்களுக்கு இலவசப் பேருந்து அனுப்பி வெளிநோயாளிகளை அழைத்துப் போவது தென்னிந்தியாவில் எல்லோரும் அறிந்த வழக்கம். இத்தனை இருக்கைக்கு இத்தனை படுக்கை, படுக்கையில் இத்தனை பேர் என்ற விதி இருப்பதால் நோயாளி அங்கே ஒருவகையில் ஆசிரியர் பதவி வகிக்கிறார், சம்பளம் மட்டும் இல்லை. முட்டி வலிக்கு எந்தக் கல்லூரி, கண் புரைக்கு எந்தக் கல்லூரி, எங்கே மாணவப் பிள்ளைகள் பொறுமையாகக் கேட்பார்கள் என்று எடைபோடும் கிழவியை வடநாட்டுத் தொடர் எதுவும் கண்டதில்லை.

'பஞ்சாயத்' தொடருக்கே தமிழில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் நாகா இயக்கத்தில் 'தலைவெட்டியான் பாளையம்' வந்தது. 'மர்மதேசம்' தந்த நாகாவின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூலத்தின் காட்சி வரிசையைப் பெரும்பாலும் அப்படியே பிடித்துக்கொண்டதில் ஒரு தடங்கல் இருந்தது. உத்தரப் பிரதேசக் கதை நகரத்துப் பட்டதாரி முன்பின் தெரியாத ஊருக்குச் செயலராக வந்து அலுவலக அறையிலேயே படுத்துக் கிடப்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி செயலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர், மாலையானால் வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர். அவரிடம் அந்நியத்தன்மை என்ற எண்ணெய் இல்லை, விளக்கு எப்படி எரியும்? புதுச்சேரிக்கு வந்தால் நிலைமை இன்னும் வினோதம். இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்த ஐந்தாண்டு முடிந்தபின் இன்னொன்று நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து என்று பெயர்ப்பலகை உண்டு, ஆணையர் உண்டு, தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. தலைவியின் கணவர் தலைமை நாற்காலியில் உட்காரும் 'பஞ்சாயத்' தொடரின் அந்தப் புகழ்பெற்ற நகைச்சுவையை இங்கே எடுப்பதற்கு முதலில் ஒரு தலைவி வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் கதையை இடம் மாற்ற முடியாது. தெரிந்துகொண்டால் பழைய கதை தேவைப்படாது.

புதிய நாடு என்ற சொல்லே இந்த மண்ணில் நேராக நிற்பதில்லை. 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது; சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். யாரும் வீட்டை விட்டு நகரவில்லை, நாடுதான் நகர்ந்தது. பிரெஞ்சு அரசு 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964 ஜூலையில் ஜிப்மர் ஆயிற்று. பிரெஞ்சில் எழுதிய கோப்பு ஆங்கிலத்தில் எழுதும் கோப்பானது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்: தன் வயிற்றைப் பற்றித் தனக்குப் புரியாத மொழியில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். நாடு மாறியும் மாறாமல் நின்ற அந்த இடைவெளிதான் இங்கே எடுக்கப்படும் எந்தத் தொடருக்கும் அடித்தளம். போதாக்குறைக்கு, புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலமாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. சிவப்பு ரேஷன் அட்டையா, மஞ்சள் அட்டையா, அட்டை புதுச்சேரியா தமிழ்நாடா என்ற கேள்வி ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டவர், கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன தங்கை வேறு நாட்டவர் என்பதுபோல் ஒரு கவுன்ட்டர் அவர்களைப் பிரித்து நிறுத்த முடியும். கிளைத்தொடருக்கு விமானச் சீட்டே தேவையில்லை.

கடினமான மறுப்பு ஒன்று பாக்கியிருக்கிறது. வலியும் சாவும் நடமாடும் இடத்தில் சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது? 'வசூல்ராஜா' வந்தபோது தலைப்பில் மருத்துவப் பட்டத்தைச் சேர்த்ததற்கே மருத்துவர் தரப்பில் முகம் சுளித்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, சிரித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 'டாக்டர்' கதைகளுக்கு மூலமான நாவலை 1952-ல் எழுதிய ரிச்சர்டு கோர்டன் மயக்க மருந்து டாக்டர். தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்தை ஜான் கிளீஸோடு சேர்ந்து எழுதிய கிரகாம் சாப்மன் மருத்துவம் படித்தவர். தொடர்ந்து எழுதிய கிரேம் கார்டனும் அப்படியே. 'மாஷ்' நாவலை ரிச்சர்டு ஹூக்கர் என்ற புனைபெயரில் எழுதியவர் கொரியாவில் கத்தி பிடித்த அறுவை மருத்துவர். ஆக மேற்கின் ஆஸ்பத்திரி நகைச்சுவை பெரும்பாலும் இளைய டாக்டரின் சிரிப்பு, தூக்கம் கெட்டவர் மேலதிகாரியைப் பார்த்துச் சிரிப்பது. அதில் நோயாளி ஒரு படுக்கை எண். 'கிராம் சிகித்சாலய்' வரை கேமரா டாக்டரின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறது. தமிழில் 2024-ல் ஹாட்ஸ்டாரில் தொடங்கிய 'ஹார்ட் பீட்' தொடரும் பயிற்சி டாக்டர் ரீனாவின் கண்வழியே சென்னைத் தனியார் ஆஸ்பத்திரியைக் காட்டுகிறது. அது நகைச்சுவை என்று தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் கண் அங்கேதான்.

தமிழுக்கு இதற்கு எதிர்த்திசையில் ஒரு மரபு இருக்கிறது, அதை யாரும் மரபென்று மதித்ததில்லை. அது வார இதழ்களின் டாக்டர் ஜோக். விகடனிலும் குமுதத்திலும் தலைமுறை தலைமுறையாக இரண்டு வரி, மூன்று வரியில் வந்துகொண்டிருந்த அந்தத் துணுக்குகளில் சிரிப்பவர் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். ஃபீஸைப் பார்த்துப் பயந்தவர், ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர் திரும்புவாரா என்று கணக்குப் போட்டவர், நர்ஸிடம் பேசப் போய் ஊசி வாங்கியவர். அவற்றில் பல மட்டமானவை, நர்ஸ்களைப் பற்றியவை பல வெட்கக்கேடு, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அவற்றில் ஒரு நோக்கு நிலை உறுதியாக இருக்கிறது: அதிகாரம் இல்லாதவர் அதிகாரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் பயத்தையே கிண்டல் செய்கிறார். அதனால்தான் அது டாக்டரை இழிவு செய்வதாக நான் எண்ணவில்லை. டாக்டர் கிட்டத்தட்டக் கடவுளாக இருக்கும் இடத்தில்தான் அப்படிப்பட்ட ஜோக் பிறக்கும். கடவுளைத் திட்டிப் பாடிய பக்தர்கள் வாழ்ந்த மொழி இது.

பார்வை இடம் மாறினால் நாடு மாறுவதற்கும் அர்த்தம் வரும் என்பதற்கு பி.பி.சி.யின் 'தி இந்தியன் டாக்டர்' ஓர் அரைச் சான்று. 2010-ல் வந்த அந்தத் தொடரில் சஞ்சீவ் பாஸ்கர் நடிக்கும் பிரேம் சர்மா 1963-ல் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்கு டாக்டராக வருகிறார். அந்தக் காலத்தில் துணைக்கண்டத்து டாக்டர்கள் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரலாறு. செயின்ட் ஸ்விதின்ஸின் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிட்னிக்கு ஏற்றுமதியான கதைக்கு அது நேர் எதிர்த் திசை. சிரிப்பு முதலில் டாக்டரின் நிறத்தில் தொடங்கினாலும், சுரங்கம் என்ற அமைப்பு, அதன் நிர்வாகி, அந்தத் தூசியைத் தின்ற நுரையீரல்கள் என்று போகப் போக ஊரின் காத்திருப்புக்குள் இறங்குகிறது. அரைச் சான்று என்றதற்குக் காரணம், அதிலும் கதாநாயகன் நாற்காலி டாக்டருக்குத்தான்.

ஒதியம்பட்டில் ஒரு தொடர் எடுத்தால் அந்த நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நோயாளிக்கும் அல்ல, 'கூட வந்தவர்' என்று நம் ஆஸ்பத்திரிகள் அழைக்கும் அந்த ஆளுக்கு. இங்கிலாந்துத் தொடர்களில் பார்வையாளர் நேரத்துக்குப் பூங்கொத்தோடு வந்து போகிறவர் அவர். இங்கே இரவும் பகலும் இருப்பவர். ரத்தம் கொடுப்பதும், ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும், மருந்துச் சீட்டோடு ஓடுவதும், பாஸ் இல்லாமல் செக்யூரிட்டியிடம் கெஞ்சுவதும், கட்டிலுக்கு அடியில் பாய் விரிப்பதும் அவர்தான். சம்பளப் பட்டியலில் இல்லாத, ஆனால் இல்லாவிட்டால் வார்டே நின்றுபோகும் பணியாள். டாக்டரின் ரவுண்ட்ஸ் வரும்போது 'கூட இருக்கிறவங்க எல்லாம் வெளியே போங்க' என்ற குரல் கேட்கும். அமைப்பு முழுவதையும் சுமப்பவர் அமைப்பின் கண்ணில் கூட்டமாக மட்டும் தெரியும் கணம் அது. முதல் அத்தியாயம் பேருந்தில் தொடங்கலாம். கல்லூரிப் பேருந்து காலையில் ஊருக்குள் வந்து நிற்கிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். ஒயர் கூடையில் பிளாஸ்க்கும் தூக்குச்சட்டியும் பழைய சீட்டுகளை அடைத்த பிளாஸ்டிக் பையுமாக ஏறும் பெண்ணிடம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார், 'உடம்பு யாருக்கு?' அவள் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். மாமனார் இன்னும் டீக்கடையை விட்டு வரவில்லை.